லியாம் பிரேடி தோற்றுப்போன பயிற்சியாளரா?

அன்புள்ள ஐயா,

பழைய ஆட்டக்காரர்கள் பயிற்சியாளர் ஆவதைப் பற்றி நீங்கள் எழுதிய பதிலில், அயர்லாந்தின் நடுக்கள ஆட்டக்காரர்களில் பயிற்சித் துறையில் அதிகம் செய்தவர் லியாம் பிரேடிதான் என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. ஜானி ஜைல்ஸ் வெஸ்ட் பிராம் அணியை 1976-இல் இங்கிலாந்தின் அப்போதைய உச்சப் பிரிவான முதல் டிவிஷனுக்கு ஏற்றினார். ராய் கீன் அடியில் கிடந்த சண்டர்லேண்டை எடுத்து, அதே சீசனில் சாம்பியனாக்கி பிரீமியர் லீகுக்குக் கொண்டுவந்தார். பிரேடி கணக்கில் என்ன இருக்கிறது? ஸ்காட்லாந்தின் செல்டிக்கில் கோப்பை இல்லை, இங்கிலாந்தின் பிரைட்டனிலும் இல்லை. பெரிய ஆட்டக்காரர்களுக்குத் தங்கள் கால் செய்வதை வாயால் சொல்லித்தரத் தெரியாது என்பதற்கு அவர்தான் நல்ல உதாரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. அவர் ஆடிய இத்தாலிய கிளப் யுவென்டஸ் அவரை வெளியே அனுப்ப முடிவெடுத்த பிறகும் அவர் பெனால்டி அடித்து அவர்களுக்கே லீக் ஜெயித்துக் கொடுத்தாராம். அப்படிப்பட்டவர்களுக்கு எதற்காக அதைச் செய்ய வேண்டும்? கடைசியாக, அவர் ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எதில் தொடங்குவது?

எஸ்., திருச்சி

*

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொன்ன விவரம் எதுவும் தப்பில்லை. செல்டிக்கில் இரண்டு வருடம் சொச்சம், கோப்பை இல்லை. பிரைட்டனிலும் ஏறக்குறைய இரண்டு வருடம், அங்கே கிளப்பே முழுகிக்கொண்டிருந்தது. ஆனாலும் நான் எழுதியதை மாற்றப்போவதில்லை. ஏன் என்று சொல்ல அந்த பெனால்டியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குப் பல வருடம் கதவைச் சாத்தி வைத்திருந்த இத்தாலி, 1980-இல் கிளப்புக்கு ஒருவர் என்ற கணக்கில் திறந்தது. யுவென்டஸ் தன் ஒரே இடத்தை 24 வயது பிரேடிக்குக் கொடுத்தது. காரணம் அவர்கள் கண்ணாலேயே பார்த்தது. அந்த வருடம் ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பை அரையிறுதியில், பிரேடி அப்போது ஆடிய லண்டன் கிளப் ஆர்சனல், யுவென்டஸின் ஊரான டூரினுக்கே வந்து 1-0 என்று ஜெயித்துவிட்டுப் போயிருந்தது. போன முதல் சீசனிலேயே லீக் கிடைத்தது, அந்த அணியில் லீகில் அதிக கோல் அடித்தவரும் பிரேடிதான். இரண்டாவது சீசன் முடியச் சில வாரங்களே இருக்கும்போது கிளப் தலைவர் போனிபெர்ட்டி அவரிடம் விஷயத்தைச் சொன்னார். பிரான்ஸின் பிளாட்டினி வருகிறார். போலந்தின் போனியெக்கை ஏற்கனவே பேசி முடித்தாயிற்று. அடுத்த சீசன் முதல் கிளப்புக்கு இரண்டு வெளிநாட்டவர், அந்த இரண்டு இடமும் நிரம்பிவிட்டது. பிளாட்டினியை யாரும் குறை சொல்ல முடியாது, அவர் பிறகு செய்ததெல்லாம் ஊரறிந்தது. ஆனால் இரண்டு சீசன் முதுகொடிய ஆடிக் கொடுத்த ஒருவருக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்?

1982 மே 16, கடைசி நாள். யுவென்டஸும் ஃபியோரென்டினாவும் ஒரே புள்ளியில் நிற்கின்றன. யுவென்டஸ் தெற்குக் கோடியில் கட்டன்சாரோவில், ஃபியோரென்டினா சார்டினியாத் தீவில் காக்லியாரியில். இரண்டு இடத்திலும் கோலே விழவில்லை. முக்கால் மணி நேரம் தாண்டி, ஒரு மணி நேரம் தாண்டி, 75-வது நிமிடத்தில் யுவென்டஸுக்கு ஒரு பெனால்டி. பந்தை எடுத்து வைத்தவர் இன்னும் சில நாளில் வேலை போகப்போகிறவர். அடித்தார், உள்ளே போனது. 1-0. அங்கே ஃபியோரென்டினா 0-0. ஒரு புள்ளி வித்தியாசத்தில் யுவென்டஸுக்கு 20-வது பட்டம், சட்டையில் இரண்டாவது நட்சத்திரம் (பத்துப் பட்டத்துக்கு ஒன்று).

இதில் இன்னொரு பாரமும் இருந்தது. சரியாக இரண்டு வருடம் இரண்டு நாள் முன்னால், 1980 மே 14, பிரஸ்ஸல்ஸ் ஹெய்சல் மைதானத்தில் வாலென்சியாவுக்கு எதிரான அதே கப் வின்னர்ஸ் கோப்பை இறுதியாட்டம் பெனால்டிக்குப் போனபோது, எதிரணியின் கெம்பெஸ் முதல் பெனால்டியைத் தவறவிட்டார். அடுத்து வந்த பிரேடியும் தவறவிட்டார். ஆர்சனல் தோற்றது. அந்த மனிதர்தான் கட்டன்சாரோவில் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்து போகிறார். நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: அவர் போனிபெர்ட்டிக்காக அடிக்கவில்லை. பக்கத்தில் நிற்கும் சோஃப், ஷிரேயா, டார்டெல்லி எல்லாரும் ஒரு வருடம் உழைத்தது அந்த ஒரு அடியில் இருந்தது. பெனால்டி அடிப்பது அந்த அணியில் அவர் வேலை. மனம் நொந்துபோயிருக்கும்போது வேலையைச் சுத்தமாகச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும். இதைப் பெருந்தன்மை என்று சொல்லிச் சின்னதாக்க எனக்கு மனமில்லை.

அப்புறம் சாம்ப்டோரியா, இன்டர், அஸ்கோலி, திரும்பி வந்து வெஸ்ட் ஹாம். நாட்டுக்காக 72 ஆட்டம். இவ்வளவு ஆடியும் ஒரு உலகக் கோப்பையிலோ ஐரோப்பியக் கோப்பையிலோ ஒரு நிமிடம்கூட அவர் களத்தில் இல்லை. 1987-இல் டப்ளினில் பிரேசிலை அயர்லாந்து 1-0 என்று வென்றபோது அந்தக் கோல் அவருடையது. அதே வருடம் அக்டோபரில் பல்கேரியாவுக்கு எதிராகச் சிவப்பு அட்டை வாங்கினார், தடை வந்தது, பிறகு முழங்கால் போனது. அயர்லாந்து முதன்முதலாக ஒரு பெரிய போட்டிக்குப் போய், 1988 ஜூனில் ஷ்டுட்கார்ட்டில் இங்கிலாந்தைத் தோற்கடித்ததை அவர் வெளியிலிருந்துதான் பார்த்தார். அடுத்த வருடம் மேற்கு ஜெர்மனியோடு ஒரு நட்பு ஆட்டம். அயர்லாந்து மேனேஜர் ஜாக் சார்ல்டன் இடைவேளைகூட வருவதற்குள் அவரை வெளியே அழைத்துக்கொண்டார். சார்ல்டனின் ஆட்டம் பந்தை உயரத் தூக்கிப் பின்களத்தின் முதுகுப் பக்கம் போட்டுத் துரத்தும் ஆட்டம், அதில் காலில் பந்தை வைத்து யோசிக்கிறவருக்கு இடமில்லை. சார்ல்டனுக்கு வெற்றிகள் கிடைத்தன, அதை மறுக்கவில்லை. ஆனாலும் நாட்டுக்காக ஆடியவர்களில் மிகச் சிறந்தவரை, அவர் ஊரான டப்ளினிலேயே, பாதி ஆட்டம்கூட முடிவதற்குள் கூப்பிட்டுக்கொண்டது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அதோடு நாட்டு அணியிலிருந்து விலகுவதாகச் சொல்லிவிட்டார்.

இனி நீங்கள் எடுத்த பயிற்சியாளர் கணக்கு. 1991-இல் செல்டிக் அவரை மேனேஜராக்கியபோது அவர் அதற்கு முன் எந்த அணியையும் நடத்தியதில்லை. செல்டிக்குக்காக ஆடாத ஒருவர் அங்கே மேனேஜரானதும் அதுவே முதல் தடவை. எதிரில் அதே ஊர்ப் போட்டி கிளப் ரேஞ்சர்ஸ், தொடர்ந்து 9 வருடம் லீக் ஜெயித்த காலத்தின் நடுப்பகுதி, பணமும் ஆளும் அவர்களிடம். செல்டிக்கோ கடனில் இருந்தது, பிரேடி போன சில மாதத்தில் 1994 மார்ச்சில் திவாலின் விளிம்பிலிருந்து அதை மீட்க வேண்டியிருந்தது. அதற்காக அவர் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதுவரை கிளப் யாருக்கும் கொடுக்காத விலை கொடுத்து வாங்கிய முன்கள ஆட்டக்காரர் காஸ்கரீனோ அங்கே சோபிக்கவில்லை. ஸ்விட்சர்லாந்தின் நியூஷாட்டலில் 5-1 என்று வாங்கிய அடி மோசமான அடி. மேனேஜர் வேலை அவருக்கு ஒத்துவரவில்லை, அது உண்மை. பிரைட்டனில் மைதானத்தையே முதலாளிகள் விற்றுவிட்டார்கள். ஆனால் அந்த வேலையை விட்ட பிறகும் கிளப்பை அவர்களிடமிருந்து மீட்கப் பார்த்தவர்களோடு அவர் போய் நின்றார். அது எந்தப் புள்ளிப்பட்டியலிலும் வராது.

1996-இல் ஆர்சனலுக்குத் திரும்பினார், இளைஞர் பிரிவின் தலைவராக. பெயர்பெற்ற மேனேஜர் வெங்கர் அங்கே வருவதற்குச் சில மாதம் முன்பே. அங்கே ஏறக்குறைய 18 வருடம் இருந்தார். நான் அவருடைய பயிற்சி வாழ்க்கை என்று சொல்வது இந்த 18 வருடத்தைத்தான். செல்டிக்கும் பிரைட்டனும் சேர்ந்து அதில் நாலில் ஒரு பங்குதான் வரும்.

இங்கிலாந்து கிளப்புகளின் இளைஞர் அணிகள் மோதும் எஃப்.ஏ. இளைஞர் கோப்பை 2000, 2001, 2009 என்று மூன்று முறை வந்தது. ஆஷ்லி கோல் அங்கிருந்து வளர்ந்து, ஒரு தோல்விகூட இல்லாத 2003-04 அணியின் இடது பின்கள ஆட்டக்காரரானார். ஜாக் வில்ஷர் 9 வயதில் உள்ளே வந்தார், 16 வயதில் முதல் அணிக்காக லீகில் இறங்கினார், 19 வயதில் பார்சலோனா நடுக்களத்தின் முன்னால் நின்று ஆடினார். 2011 பிப்ரவரி, 2-1 ஆட்டம். அந்தப் பையன் இடது காலால் பந்தை வாங்கித் திரும்பி, வந்தவரைத் தாண்டிப் போகிற விதத்தைப் பார்த்தால் 1970-களின் பிரேடியைப் பார்த்த ஆர்சனல்காரர்களுக்குச் சிலிர்த்திருக்கும். பிரேடிதான் அந்தக் காலை உருவாக்கினார் என்று சொல்லமாட்டேன், அது பையன் கூடவே பிறந்தது. ஒல்லியாக, குட்டையாக இருக்கும் ஒரு பையனை, உடம்பு போதாது என்று கழித்துவிடாமல் வருடக்கணக்கில் பொறுத்து வைத்திருப்பது ஒரு தீர்மானம். உயரமும் ஓட்டமும் பார்த்து ஆளெடுத்த இங்கிலாந்தில் அப்படிப்பட்ட தீர்மானத்துக்கு நிறைய நெஞ்சுரம் வேண்டும்.

ஆனால் நான் அவரை மதிக்கும் முக்கியக் காரணம் ஜெயித்து வந்த பையன்கள் அல்ல. ஓர் அகாடமியை, அதாவது கிளப்பின் சிறுவர் பயிற்சிப் பள்ளியை, நடத்துவதில் பெரும்பகுதி வேலை, 'நீ வேண்டாம்' என்று சொல்வது. உள்ளே வரும் பையன்களில் மிகப் பெரும்பாலோர் முதல் அணியை எட்ட மாட்டார்கள். 16 வயதில் ஒரு தடவை, 18 வயதில் ஒரு தடவை சல்லடை போடுவார்கள். அறைக்குள் பையனையும் பெற்றோரையும் உட்காரவைத்து யாராவது ஒருவர் அதைச் சொல்லியாக வேண்டும். பிரேடி அந்த நாற்காலியின் இரண்டு பக்கமும் தெரிந்தவர். போனிபெர்ட்டியின் அறையில் கேட்டிருக்கிறார், மைதானத்தின் ஓரத்தில் சார்ல்டனிடம் கேட்டிருக்கிறார். அதற்கும் முந்தி ஒன்று. டப்ளினில் பள்ளி மாணவராக இருந்தபோது, அயர்லாந்துக்கே உரிய வேறு வகை ஆட்டமான கேலிக் கால்பந்தில் பள்ளி அணியின் ஆட்டத்தை விட்டுவிட்டு அயர்லாந்து சிறுவர் அணிக்காக வேல்ஸுக்கு எதிராக ஆடப் போனதற்காகப் பள்ளி அவரை வெளியேற்றியது. கேலிக் ஆடுகிறவர்கள் அந்நிய ஆட்டம் ஆடக்கூடாது என்ற தடை 1971 வரை அங்கே இருந்தது. அதற்குப் பிறகுதான் 15 வயதில் கடல் தாண்டி லண்டன் போனார். அந்தக் காலத்தில் அப்படிப் போன அயர்லாந்துப் பையன்கள் எத்தனையோ பேர் படிப்பும் இல்லாமல் ஆட்டமும் இல்லாமல் கப்பல் ஏறித் திரும்பினார்கள்.

அவர் பொறுப்பில் இருந்த காலத்தில் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. 1998-இல் இங்கிலாந்து கிளப்புகள் அகாடமி முறைக்கு வந்தபோது, பயிற்சிக்கு வரும் சிறுவன் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் இருக்க வேண்டும், அதைவிடச் சிறியவன் என்றால் ஒரு மணி நேரம் என்று விதி போட்டார்கள். பையன் ராத்திரி தன் வீட்டில் படுக்கிறான், காலையில் தன் பள்ளிக்குப் போகிறான். அதனால் கிழக்கு லண்டன், வடக்கு லண்டன் பக்கத்துப் பையன்கள் சாயங்காலம் ஆர்சனலின் சிறுவர் பயிற்சிக்களமான ஹேல் எண்டுக்குப் பயிற்சிக்கு வந்துவிட்டு வீடு திரும்பினார்கள். 15 வயதில் வீட்டை விட்டுப் போன ஒருவர் அதை மேற்பார்த்தார் என்பது எனக்கு நிறைவாக இருக்கிறது.

சொல்லித்தரத் தெரியாது என்கிறீர்கள். ஒரே சீசனில் ஒரு அணியை மேலே ஏற்றுவது ஒரு திறமை, கீனிடம் அது இருந்தது, ஜைல்ஸிடமும் இருந்தது. 9 வயதுப் பையன் 19 வயதில் என்னவாக இருப்பான் என்று பார்த்து, நடுவில் 10 வருடம் அவசரப்படாமல் இருப்பது வேறு திறமை. இரண்டையும் கோப்பை எண்ணிக்கையால் அளந்தால் இரண்டாவது எப்போதும் தோற்கும். 2008-இல் தன் பழைய யுவென்டஸ் பயிற்சியாளர் ட்ரப்பட்டோனி அயர்லாந்து அணியின் மேனேஜராக வந்தபோது பிரேடி அவருக்கு உதவியாளராக இரண்டு வருடம் இருந்தார். அதன் நடுவில்தான் 2009 நவம்பர் 18, பாரிஸ், பிரான்ஸுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். பிரான்ஸின் ஹென்றி, ஆர்சனலின் முன்னாள் நாயகன், பந்தைக் கையால் தட்ட, அப்போது ஆர்சனலுக்கு ஆடிக்கொண்டிருந்த கல்லாஸ் உள்ளே தள்ள, அயர்லாந்தின் உலகக் கோப்பை போனது. ஆட்டக்காரராகக் கிடைக்காதது உதவியாளராகவும் கிடைக்கவில்லை.

எதில் தொடங்கலாம் என்று கேட்டீர்கள். எல்லாரும் 1979 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தைச் சொல்வார்கள். 2-0 என்றிருந்தது, கடைசி ஐந்து நிமிடத்தில் மான்செஸ்டர் யுனைடெட் 2-2 ஆக்கிவிட்டது. மூன்றாவதையும் வாங்கிவிடக்கூடாது என்று பிரேடி பந்தை எடுத்துக்கொண்டு எதிரணிப் பக்கம் ஓடினார், காலுறை கணுக்காலில் சரிந்து கிடந்தது, இடது பக்கம் ரிக்ஸுக்குத் தள்ளினார், ரிக்ஸ் தூக்கிப்போட, தூரத் தூணில் ஆலன் சண்டர்லேண்ட். 3-2. கட்டாயம் பாருங்கள். ஆனால் முதலில் 1978 டிசம்பர் 23, டாட்டன்ஹாம் மைதானத்தில் நடந்த 5-0 ஆட்டத்தைப் பாருங்கள். பெட்டியின் ஓரத்தில் பீட்டர் டெய்லரிடமிருந்து பந்தைப் பறித்து, நிமிர்ந்தும் நிமிராமலும், இடது காலின் வெளிப்புறத்தால் ஒரு வெட்டு. பந்து வெளியே போவதுபோல் போய் உள்ளே வளைந்து மேல் மூலையில் இறங்கும். பார்த்துவிட்டு எழுதுங்கள், வில்ஷரின் பார்சலோனா ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தீர்களானால் இன்னும் நல்லது.

அன்புடன்.