செலவுக்குப் பின் வரும் மானியம்: கேங் தடுப்பு நிதி பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கேங் எனப்படும் தெருக் கும்பல்களைத் தடுப்பதற்கும் காவலுக்கும் செலவாகும் அரசுப் பணம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் சிறிய தொண்டு நிறுவனம் எங்களுடையது. மாநில அரசின் 'கால்விப்' நிதிக்கு நாங்கள் விண்ணப்பிக்கலாமா? (வாசகி, ஸ்டாக்டன்)

பதில்: விண்ணப்பிக்கத் தடை ஏதும் இல்லை. ஆனால் வெறும் 'மாலை டியூஷன்' என்று எழுதிப் போட்டால் தேறாது. 2007-இல் தொடங்கிய 'கால்கிரிப்' என்ற கேங் குறைப்புத் திட்டத்தின் இடத்தில் 2017-இல் வந்தது கால்விப். துப்பாக்கிச் சூடு, கொலை, கொடுங்காயத் தாக்குதல் ஆகியவற்றைக் குறைப்பதே இதன் வேலை என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சுடக்கூடியவர், சுடப்படக்கூடியவர் என்ற சின்ன வட்டத்துக்கான பணம் இது. ஏழைப் பேட்டையில் வளர்கிற எல்லாப் பிள்ளைகளும் அந்த வட்டத்தில் இல்லை. பெரும்பாலோர் எந்த கேங்கிலும் சேருவதே இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகராட்சி 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளைத் தன் தடுப்புத் திட்டத்தில் சேர்க்கும் முன் ஒரு கேள்வித்தாளை வைத்துச் சலிப்பது இதனால்தான்.

ஆகவே '200 மாணவர்களுக்கு வகுப்பு' என்று எழுதாதீர்கள். எந்தத் தெருக்கள், எத்தனை பேர், அவர்களை உங்களிடம் யார் அனுப்பப்போகிறார்கள் என்று எழுதுங்கள். நன்னடத்தைத் துறை, குண்டடி பட்டவர்கள் வந்து சேரும் மருத்துவமனை, பள்ளியிலிருந்து நீக்குவதை முடிவு செய்யும் அலுவலகம் ஆகிய மூன்றில் ஒன்றிடமாவது 'ஆள் அனுப்புகிறோம்' என்று எழுத்தில் வாங்கி இணையுங்கள். பொத்தாம் பொதுவான பாராட்டுக் கடிதம் பத்து இருந்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது.

நகராட்சி வழியாகப் போவதும் நல்ல வழி. கால்விப் பணம் பெறும் நகரம் அதில் பாதிக்குக் குறையாமல் தொண்டு நிறுவனங்களுக்கோ, காவல்துறை அல்லாத வன்முறைத் தடுப்புத் துறைகளுக்கோ கொடுத்தாக வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு போய் நின்றால் அந்தப் பாதி ஏற்கெனவே பேசி முடிந்திருக்கும். ஆறு மாதம் முன்பே போய்ப் பாருங்கள்.

கேள்வி: மானியம் கிடைத்துவிட்டது, ஆனால் ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லை. இது எப்படி? (வாசகர், ஓக்லண்ட்)

பதில்: இந்த வேலையில் நிறுவனங்கள் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். மாநிலத்தில் இந்த நிதியை நடத்தும் பி.எஸ்.சி.சி. வாரியம், செலவு செய்துவிட்டுக் கணக்கு அனுப்பினால் திருப்பித் தரும் முறையில்தான் பெரும்பாலான பணத்தைக் கொடுக்கிறது. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: மூன்று களப்பணியாளர், காப்பீடு உட்பட ஆளுக்கு மாதம் 6,000 டாலர். மாதம் 18,000, ஒரு காலாண்டுக்கு 54,000. காலாண்டு முடிந்து பில் தயாரிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அது நகராட்சி மேசையைத் தாண்டி வாரியம் போய், காசோலையாகத் திரும்புவதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும். முன்பணம் கிடைக்காவிட்டால், கையில் 1 லட்சத்து 8 ஆயிரம் டாலர் இல்லாமல் முதல் காசோலையைப் பார்க்க முடியாது.

நகராட்சியோடு ஒப்பந்தம் போடும் முன்பே 'முன்பணம் உண்டா, எத்தனை விழுக்காடு' என்று கேளுங்கள். காலாண்டுக்குப் பதில் மாதாமாதம் பில் அனுப்ப அனுமதி வாங்கினால் சுமை ஓரளவு குறையும். பில் திரும்பி வருவதற்கு வழக்கமான காரணம் வருகைத்தாள்: ஓர் ஊழியர் இரண்டு மானியங்களில் வேலை செய்தால், எந்த நாள் எதற்கு எத்தனை மணி என்று பிரித்து, அவரும் மேலாளரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து 'பாதி பாதி' என்று நிரப்பிய தாள் தணிக்கையில் நிற்காது. மதிப்பீட்டுக்கு 5 விழுக்காடாவது தனியே ஒதுக்குங்கள். ஏற்கெனவே வேறு பணத்தில் நடக்கும் வேலையை இந்த மானியத்துக்கு மாற்றிவிட்டு, மிச்சமான பழைய பணத்தை வேறெதற்கோ எடுப்பதும் கூடாது.

கேள்வி: அமெரிக்க ஒன்றிய அரசின் மானியத்தையும் சேர்த்துக்கொண்டால் பாதுகாப்புத்தானே? (அதே வாசகர்)

பதில்: அதை மட்டும் நம்பி ஆள் எடுக்காதீர்கள். 2022-இல் இயற்றிய சட்டம் ஒன்று சமூக வன்முறைத் தடுப்புக்கென ஐந்தாண்டுகளுக்கு 25 கோடி டாலர் ஒதுக்கியது. 2025 ஏப்ரலில் நீதித்துறை அமைச்சகம் நூற்றுக்கணக்கான மானியங்களைப் பாதியில் ரத்து செய்தபோது இத்தகைய திட்டங்களும் அடிபட்டன. மாநிலத்தில் 2024 ஜூலை 1 முதல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு வரி உண்டு. அதில் முதல் ஏழரைக் கோடி டாலர் கால்விப்புக்கு. வரி வசூல் ஏறும், இறங்கும். ஆனாலும் ஒரே கையெழுத்தில் நின்றுபோகிற பணம் அல்ல.

கேள்வி: இத்தனை சுற்று எதற்கு? அந்தப் பணத்தில் போலீஸ்காரரை எடுத்துவிட்டால் போகிறது. (வாசகர், மதுரை)

பதில்: அதற்கும் தனி மானியம் இருக்கிறது, 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான 'காப்ஸ்' அலுவலகம் தருகிறது. புதிய காவலரின் மூன்றாண்டுச் சம்பளத்தில் 75 விழுக்காடு வரை என்று படிக்கும்போது தாராளமாகத் தெரியும். ஆனால் ஒரு காவலருக்கு 1 லட்சத்து 25 ஆயிரம் டாலர் என்று உச்சவரம்பு ஒன்று உண்டு. ஒருவருக்கு ஆண்டுக்கு 1 லட்சத்து 30 ஆயிரம் ஆகிறது என்று கொள்வோம். மானியம் முடிந்த பிறகும் 12 மாதம் அவரை வைத்திருக்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்தால், நான்காண்டுச் செலவு 5 லட்சத்து 20 ஆயிரம். வாஷிங்டன் தருவது அதில் கால் பங்குகூட இல்லை. மிச்சத்துக்கு நகர மன்றம் பூங்காவையோ நூலகத்தையோ கைவைக்கும்.

அதற்காகக் காவலர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1990-களின் நடுவில் பாஸ்டன் நகரம் செய்ததில் காவலர், அரசு வழக்கறிஞர், நன்னடத்தை அதிகாரி, தெருப்பணியாளர், பாதிரியார் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். கேங் ஆட்களைக் கூப்பிட்டு, 'சுட்டால் கும்பல் முழுவதற்கும் நெருக்கடி வரும். விலகினால் வேலையும் உதவியும் இருக்கிறது' என்று நேருக்கு நேர் சொன்னார்கள். இளைஞர் கொலைகள் 63 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு காட்டியது. 2000-இல் அந்த மேசை கலைந்தது. பின்னால் கொலைகள் மறுபடி ஏறின.

கேள்வி: நம் ஊர் குண்டர் சட்டம் மாதிரி அங்கேயும் உண்டா? (வாசகர், விருத்தாசலம்)

பதில்: அந்த மாதிரி இல்லை. 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். கலிபோர்னியாவின் 1988-ஆம் ஆண்டு கேங் சட்டத்தின் முக்கிய ஆயுதம், குற்றம் நிரூபணமான பிறகு தண்டனையைக் கூட்டுவது.

கேள்வி: அக்கா மகனுக்கு 16 வயது. அவன் பெயரைக் கேங் பட்டியலில் சேர்ப்பதாகக் காவல்துறையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அக்கா பயந்துபோயிருக்கிறாள். (வாசகி, சான் பெர்னார்டினோ)

பதில்: கடிதம் வந்தது ஒரு வகையில் நல்லது, எதிர்க்க வழி இருக்கிறது என்று அர்த்தம். கேங் பட்டியல்கள் சேரும் 'கால்கேங்' என்ற மாநிலத் தரவுத்தளம் எப்படி நடந்தது என்பதை 2016-இல் மாநிலத் தணிக்கையாளர் காட்டினார்: சேர்க்கப்பட்ட நாளில் ஒரு வயதுகூட ஆகாதவர்கள் என்று பதிவாகியிருந்த 42 பேர் அதில் இருந்தார்கள். அவர்களில் 28 பேர் தாங்கள் கேங் உறுப்பினர் என்று 'ஒப்புக்கொண்டதாக' வேறு குறிப்பு! அடுத்த ஆண்டுச் சட்டத்தால் அதன் கண்காணிப்பு மாநிலத் தலைமை வழக்கறிஞரிடம் போனது.

பையனை விளக்கம் சொல்லத் தனியாகக் காவல் நிலையத்துக்கு அனுப்ப வேண்டாம். அவன் பேச்சுவாக்கில் சொல்லும் ஒரு வரி 'ஒப்புதல்' ஆகிவிடும். அக்கா, பெற்றோர் என்ற முறையில், எழுத்து மூலம் மறுப்பு அனுப்பட்டும். எந்த அடிப்படையில் சேர்க்கிறார்கள் என்றும் அதிலேயே கேட்கட்டும். பள்ளி வருகைப் பதிவு, பயிற்சியாளரோ வேலை தருபவரோ எழுதிய கடிதம் ஆகியவற்றை இணைக்கலாம். காவல்துறை ஆதாரமாகக் காட்டும் புகைப்படத்தில் பையனோடு நிற்பவன் பெரியப்பா மகன் என்றால் அதையும் எழுதுங்கள். உறவு என்பதாலேயே சேர்க்கப்பட்டவர்கள் உண்டு. 30 நாளில் காவல்துறை பதில் தர வேண்டும். தராவிட்டால் மறுத்ததாகவே கணக்கு. அதன்பின் மேல்முறையீட்டுக்கு மாவட்ட 'சுப்பீரியர்' நீதிமன்றத்தில் 90 நாள் அவகாசம். இலவசச் சட்ட உதவி மையத்தை இப்போதே பாருங்கள், 89-ஆம் நாளில் அல்ல. கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்த நாள் அனுப்பினார்கள் என்பதற்கு அதன் மேலுள்ள அஞ்சல் முத்திரைதான் சாட்சி.