மூச்சு பக்கத்தில், ஆள் தூரத்தில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இலக்கியம் சாராத ஒரு கேள்வி, பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை வருடமாக இரவில் நான் கேட்பது ஒரே மாதிரியான பாடல்களைத்தான். மேஸி ஸ்டார், பீச் ஹவுஸ், சிகரெட்ஸ் ஆஃப்டர் செக்ஸ், அப்புறம் பெயர் நினைவில் நிற்காத பத்துப் பதினைந்து குழுக்கள். எல்லாம் மெதுவாக, மங்கலாக, தூக்கக் கலக்கத்தில் பாடியது மாதிரி இருக்கும். வரிகள் பாதி புரியாது. புரிந்த பாதியும் பெரிய கவிதை இல்லை. ஆனால் விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனை மாட்டினால் ஒரு மணி நேரம் போவது தெரியாது.

என் நண்பன் இதைச் 'சும்மா சோகத்தில் ஊறுவது' என்கிறான். என்னைக் குத்துவது என்னவென்றால், எனக்கென்று சொல்லிக்கொள்ள ஒரு சோகமும் கிடையாது. காதல் தோல்வி இல்லை, வீட்டில் எல்லோரும் நலம், வேலை பரவாயில்லை. துக்கமே இல்லாதவன் துக்கப் பாட்டுக் கேட்பது பாசாங்குதானே? தவிர, நான் சொல்லை நம்பி வாசிக்கிறவன். வார்த்தை காதில் விழாத பாட்டில் எனக்கு என்ன வேலை? வரிகளைத் தேடிப் படித்துவிட்டுத்தான் கேட்க வேண்டுமா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர் சொன்னதில் 'ஊறுவது' சரியான சொல்தான். 'சோகம்' என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அதற்கு வருமுன் என் கதை ஒன்று.

ட்ரீம் பாப் என்று பெயர் கொண்ட இந்த இசைக்கு நான் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தேன், அதுவும் பழுதான ஒரு ஹெட்போன் வழியாக. காக்டோ ட்வின்ஸ் குழுவின் 'ஹெவன் ஆர் லாஸ் வேகஸ்' ஆல்பத்தைக் கேட்கச் சொல்லி ஒருவர் அனுப்பியிருந்தார். என் ஹெட்போனில் இடது பக்கம் செத்துப் பல நாள் ஆகியிருந்தது. பேச்சுக் கேட்க ஒரு காது போதும் என்று அப்படியே வைத்திருந்தேன். அதில்தான் ஒரு மாதம் அந்த ஆல்பத்தைக் கேட்டேன். பாடுகிற பெண் என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. ஒலியைக் கூட்டினேன். சத்தம் பெரிதானதே தவிர சொல் கிட்டே வரவில்லை. ஹெட்போன்தான் காரணம் என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்று வாங்கினேன். வார்த்தை அப்போதும் புரியவில்லை. ஆனால் இடது பக்கத்தில் நான் அதுவரை கேட்டிராத இன்னொரு கிட்டார் இருந்தது! ஒரு மாதமாகப் பாதி அறையில் உட்கார்ந்திருந்தவனுக்குத் திடீரென்று சுவர் தள்ளிப்போனது மாதிரி இருந்தது.

அறை, சுவர் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பாடல்களின் ரகசியம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

காலி அறையில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். சாமான் நிறைந்த அறையில் இன்னொரு முறை. தட்டிய ஒலி நேராக வந்து காதில் விழுகிறது. சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பியவை கொசகொசவென்று பின்னால் வந்து சேர்கின்றன. இந்தப் பின்வரும் கூட்டத்தைத்தான் ரிவெர்ப் என்கிறார்கள். நேராக வந்தது அதிகம் என்றால் ஆள் பக்கத்தில் இருக்கிறார் என்று மூளை கணக்குப் போடும். திரும்பி வந்தது அதிகம் என்றால் தள்ளி இருக்கிறார். நாம் கேட்டுக்கொள்ளாமலே நடக்கிற கணக்கு இது.

இதைச் செயற்கையாகச் சேர்ப்பது ஒலிப்பதிவுக்காரர்களின் பழைய வித்தை. 1947இல் சிகாகோவில் பில் புட்னம் என்பவர் ஒரு மவுத் ஆர்கன் குழுவின் பாட்டுக்குக் குளியலறையை எதிரொலி அறையாகப் பயன்படுத்தினார். 1957இல் பெரிய உலோகத் தகட்டை அதிரவைத்து எதிரொலி உண்டாக்கும் ஜெர்மானியக் கருவி வந்தது. பிறகு டிஜிட்டல் வந்து, காலால் மிதிக்கிற சின்னப் பெட்டிக்குள்ளேயே ஒரு மாதா கோவில் அடங்கிவிட்டது.

ட்ரீம் பாப் பாடகர்கள் மைக்கை உதட்டருகே வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட முணுமுணுக்கிறார்கள். உதடு பிரிகிற ஓசை, மூச்சு இழுப்பு எல்லாம் பதிவாகிறது. தலைமாட்டில் உட்கார்ந்து பேசினால்தான் ஒருவருடைய மூச்சு நமக்குக் கேட்கும். அதே குரலைத் தூக்கி ஒரு பெரிய கூடத்தின் எதிரொலிக்குள் போட்டுவிடுகிறார்கள். காதுக்கு ஒரே நேரத்தில் இரண்டு தகவல். மூச்சு 'இதோ இருக்கிறேன்' என்கிறது. எதிரொலி 'வெகு தூரம்' என்கிறது. விழித்திருக்கும்போது இப்படி ஒரு ஆளை நீங்கள் சந்தித்திருக்க முடியாது. கனவில் சந்தித்திருப்பீர்கள். செத்துப்போனவர்களை நினைக்கும்போதும், பத்து வருடத்துக்கு முந்தைய நம்மை நாமே நினைக்கும்போதும் அவர்கள் நிற்பது இந்த இடத்தில்தான். முகம் கிட்டே தெரியும், கை நீட்டினால் எட்டாது.

நீங்கள் சொன்ன சிகரெட்ஸ் ஆஃப்டர் செக்ஸ் குழு 2012இல் வெளியிட்ட முதல் தொகுப்பில் நான்கே பாடல்கள். டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில், பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் நான்கு மாடிப் படிக்கட்டில் வைத்துப் பதிவு செய்தார்கள். அதைத் தெரிந்துகொண்டு மறுபடி கேளுங்கள். டிரம்மின் ஒவ்வொரு அடியும் மேலே ஏறிப் போய்த் திரும்புவதுபோல் இருக்கும்.

டேவிட் லிஞ்ச் கதையும் இங்கே பொருந்தும். எண்பதுகளின் நடுவில் தன் படம் ஒன்றுக்கு அவர் விரும்பியது, காக்டோ ட்வின்ஸின் எலிசபெத் ஃப்ரேசர் 1983இல் திஸ் மார்ட்டல் காயில் என்ற பெயரில் வந்த கூட்டு முயற்சிக்காகப் பாடிய ஒரு பழைய பாடலின் மறுவடிவத்தை. உரிமைக்கான பணம் கட்டுப்படியாகவில்லை. சரி, அதுமாதிரி ஒன்றை நாமே செய்துகொள்வோம் என்று லிஞ்ச் வரிகள் எழுத, ஆஞ்சலோ படலமென்ட்டி இசையமைத்தார். பாட வந்த ஜூலி க்ரூஸ் மேடை நாடகங்களில் உரத்துப் பாடிப் பழகியவர். அவரை மெல்ல, இன்னும் மெல்ல என்று இறக்கிக் கொண்டுபோனார்கள். அந்தக் கூட்டணியின் முழு ஆல்பம் 1989இல் வந்தது. ஓங்கிப் பாடத் தெரிந்த ஒருவர் தன் குரலை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு பாடுவதை அதில் கேட்கலாம். மெல்லிய குரல் என்றால் பலவீனமான குரல் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது அதைத்தான்.

இனி உங்கள் சோகத்துக்கு வருவோம். உங்களிடம் இல்லாத சோகத்துக்கு!

தமிழில் துக்கம், துயரம், சோகம், வருத்தம், ஏக்கம் என்று வரிசையாகச் சொல்கள் இருக்கின்றன. அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். துக்கத்துக்கு ஒரு காரணம் வேண்டும், யாராவது போயிருக்க வேண்டும். ஏக்கத்துக்கு அது தேவையில்லை. எதற்காக ஏங்குகிறோம் என்று தெரியாமலே ஏங்க முடியும். திணைக் கணக்கில் பார்த்தால் இந்த இசை பாலை இல்லை, பிரிகிற கணம் இதில் வருவதே இல்லை. நெய்தலின் இரங்கல் கொஞ்சம் உண்டு. ஆனால் பெரும்பகுதி முல்லைதான். மாலைப் பொழுது, காத்து இருத்தல். கதறல் கிடையாது. வருவார் என்ற நம்பிக்கையும் வரவில்லையே என்ற குறையும் சரிக்குச் சரியாக இருக்கிற நேரம். அந்த நேரத்துக்கு ஒரு திணையையே ஒதுக்கிய மொழியில் வாசிக்கிற உங்களுக்கு இதில் என்ன கூச்சம்?

2014இல் வெளியான ஓர் ஆய்வில் 772 பேரிடம் சோக இசை கேட்கும்போது என்ன உணர்கிறீர்கள் என்று இணையம் வழியாகக் கேட்டிருந்தார்கள். அதிகம் பேர் சொன்னது சோகத்தை இல்லை, பழையதை நினைத்து வரும் ஏக்கத்தை. ஆகவே நீங்கள் பாசாங்கு செய்யவில்லை. பாசாங்கு என்றால் கூட்டத்தோடு சேர்ந்து செய்கிறீர்கள்.

மேஸி ஸ்டாரின் 'ஃபேட் இன்டு யூ' 1993இல் வந்தது, உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். அதில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை கவனியுங்கள். மூன்று நான்கு கார்டுகளே, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களே, திரும்பத் திரும்ப வருகின்றன. தாலாட்டு மாதிரி ஆடுகிற தாளம். ஸ்லைடு கிட்டார் ஒரு சுரத்தில் நேராகப் போய் உட்காராமல் வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்கிறது. பாடகி ஹோப் சான்டோவலின் குரலும் அப்படித்தான், தாளம் விழுந்த பிறகு வேண்டாவெறுப்பாக வந்து சேரும். எல்லாமே அரை அடி தாமதம். ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான பாட்டில் உச்சம் என்று ஒன்று வரவே வராது. நாம் பழகிய பாட்டு ஏறும், வெடிக்கும், இறங்கும். இது ஏறப் போகிறது என்று காத்திருக்க வைத்துவிட்டு அப்படியே முடிந்துவிடும். அதனால்தான் முடிந்ததும் மறுபடி போடுகிறோம் என்று நினைக்கிறேன்.

வார்த்தை விஷயம். எலிசபெத் ஃப்ரேசர் பாடியதில் பல இடங்களில் தேடினாலும் வரி கிடைக்காது. அகராதியில் இல்லாத சொல், ஓசைக்காக எடுத்துக்கொண்ட சொல், பாதியில் உடைத்த சொல் என்று கலந்து பாடியவர் அவர். 'ஹெவன் ஆர் லாஸ் வேகஸ்' 1990இல் வந்தது. அது உருவான காலத்தில் அவருக்கு மகள் பிறந்திருந்தாள். குழந்தையின் தந்தையும் குழுவின் கிட்டார் கலைஞருமான ராபின் கத்ரி போதைப் பழக்கத்தில் ஆழ்ந்திருந்தார். பாஸ் கிட்டார் வாசித்த சைமன் ரேமண்ட் தன் தந்தையை இழந்தார். தொட்டிலும் பாடையும் ஒரே வீட்டில் இருந்த மாதிரியான நாட்கள். எனக்கு இதெல்லாம் தெரியவந்தது பல வருடம் கழித்து. ஆனால் ஒரு காது ஹெட்போனில், ஒரு சொல்லும் புரியாமல் கேட்டபோதே, இந்தப் பெண் மகிழ்ச்சியாக இருக்கிறாளா பயந்திருக்கிறாளா என்று தடுமாறியிருக்கிறேன். அது போதாதா? ஆராரோ ஆரிரரோ என்பதற்கு யாரும் நமக்குப் பொருள் சொல்லித் தரவில்லை. ஆலாபனையில் சொல்லே கிடையாது. சொல்லை நம்புகிறவன் சொல் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்கிறீர்கள். சும்மா இருக்கலாம். நானும் அதைத்தான் செய்கிறேன்.

வரிகளைத் தேடுவதானால் நூறு தடவை கேட்ட பிறகு தேடுங்கள். நான் அவசரப்பட்டு பீச் ஹவுஸ் பாட்டு ஒன்றின் வரிகளைப் படித்தேன். என் மனதில் இருந்த பாட்டு அதைவிட நன்றாக இருந்தது. இப்போது இரண்டும் சேர்ந்து கேட்கிறது.

உங்கள் நண்பர் தனி ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ட்ரீம் பாப்பின் பக்கத்து வீடான ஷூகேஸ் (shoegaze) இசைக்குப் பெயரே கிண்டலில் வந்ததுதான். மேடையில் தரையிலிருக்கும், காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெடல்களைப் பார்த்தபடி குனிந்தே வாசித்தார்கள், பிரிட்டிஷ் பத்திரிகைகள் 'ஷூவை முறைப்பவர்கள்' என்று பெயர் வைத்துவிட்டன. ஸ்லோடைவ் குழுவின் 1993 ஆல்பத்தைக் கேட்ட ஒரு விமர்சகர், இதை மறுபடி கேட்பதற்குக் கஞ்சித் தொட்டியில் மூழ்கிச் சாகலாம் என்கிற அளவுக்கு எழுதினார். 1995இல் அடுத்த ஆல்பம் வந்த கையோடு நிறுவனம் அவர்களைக் கைகழுவியது, குழுவும் கலைந்தது. 2014இல் மீண்டும் சேர்ந்தார்கள். 22 வருட இடைவெளிக்குப் பிறகு 2017இல் புது ஆல்பம். கஞ்சித் தொட்டி ஆல்பம் இன்று இந்த வகையின் மூல நூல் மாதிரி ஆகிவிட்டது. குனிந்து நின்றவர்கள் காத்திருக்கவும் தெரிந்தவர்கள்.

ஆனால் நண்பர் பக்கமும் கொஞ்சம் பேசியாக வேண்டும். இந்த வகையில் வருவதில் பாதிக்கு மேல் எனக்கு ஆவதில்லை. பெயர் நினைவில் நிற்காத பத்துப் பதினைந்து குழுக்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, நினைவில் நிற்காததற்குக் குற்றம் உங்கள் நினைவில் இல்லை. ரிவெர்ப் எதையும் அழகாக்கிவிடும். குளியலறையில் நாம் எல்லோரும் பாடகர்கள். மெட்டே இல்லாத பாட்டுக்கு மேல் அதைப் போர்த்திவிட்டால் இருட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிவிடலாம். நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். மறுநாள் பகல் வெளிச்சத்தில் பாத்திரம் கழுவும்போது அந்தப் பாட்டை முனகிப் பார்ப்பேன். எதிரொலி கிடையாது, கிட்டார் கிடையாது, குழாய்ச் சத்தம்தான். அதிலும் நின்றால் அது பாட்டு. 'ஃபேட் இன்டு யூ' நிற்கிறது. தானாக அடுத்தடுத்து வந்து விழும் பட்டியல்களில் பல பாடல்களுக்கு முதல் வரியே வாயில் வருவதில்லை. உங்கள் ஒன்றரை வருடத்தையும் அப்படி ஒரு தடவை சலித்துப் பாருங்கள். நாற்பதில் ஆறு ஏழு மிஞ்சும் என்பது என் ஊகம்.

மிஞ்சியவற்றின் பெயரை எனக்கு எழுதுங்கள். அதற்கு முன்னால் ஹெட்போனின் இரண்டு பக்கமும் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்