வாங்கி பத்து நாளாகியும் ஆரல் மீன் எதுவும் சாப்பிடவில்லை. மணலுக்குள்ளேயே கிடக்கிறது. மருந்து போடலாமா?

வேண்டாம். உடம்பில் வெள்ளைப் புள்ளியோ புண்ணோ இல்லையென்றால் அது பெரும்பாலும் பட்டினிதான். வீட்டுத் தொட்டியில் சாகிற ஆரல்களில் நிறைய பசியால்தான் சாகின்றன, பழி மட்டும் நோயின் மேல் விழுகிறது.

இரண்டடி அல்லது மூன்றடித் தொட்டி, பகலில் விளக்கு எரியும்போது ஒரு சிட்டிகை பெல்லட் (உருண்டைத் தீவனம்), கூடவே நாலைந்து சுறுசுறுப்பான மீன்கள். உங்கள் வீட்டிலும் இதுதான் நிலவரம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆரல் இரவில் இரை தேடும். மூக்கு நுனியில் குட்டித் தும்பிக்கை போல நீண்டிருப்பதை வைத்து மணலை மோப்பம் பிடித்துப் புழுவைத் தேடித் தின்னும். பெல்லட் அதற்குச் சாப்பாடாகவே தெரியாது. அப்படியே தெரிந்தாலும் அது வெளியே வருவதற்குள் மற்ற மீன்கள் முடித்துவிடும்.

இன்று இரவே செய்யுங்கள். முதலில் மற்ற மீன்களுக்கு வயிறாரப் போட்டு விளக்கை அணையுங்கள். அரை மணி நேரம் கழித்து, உறைந்த ப்ளட் வார்ம் (சிவப்பான பூச்சிப்புழு) கட்டி ஒன்றைக் கிண்ணத்தில் எடுத்த தொட்டித் தண்ணீரில் கரைய விட்டு, சிவப்புத் தண்ணீரை வடித்து வெளியே கொட்டிவிடுங்கள். 20 மில்லி சிரிஞ்சின் நுனியில் இரண்டடி ஏர் டியூபைச் செருகி, புழுக்களை உறிஞ்சி, ஆரல் தலை நீட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் மெதுவாக விடுங்கள். முகத்தில் பீய்ச்சினால் உள்ளே போய்விடும். காலையில் மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அழுகி, மீனுக்கு நஞ்சான அம்மோனியா தண்ணீரில் ஏறும். இரண்டு வாரம் தினமும் இப்படி. தேறியபின் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

ப்ளட் வார்மைத் தொடவில்லையென்றால் மண்புழு. பூச்சிமருந்து அடிக்காத மண்ணில் எடுத்து, ஒரு நாள் ஈரக் காகிதத்தில் வைத்து, கழுவி, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். உரக்குழியில் வளர்க்கும் சிவப்புப் புழுக்களில் ஒரு வகை நாற்றமடிக்கும் மஞ்சள் நீரை விடும், பல மீன்கள் அதைத் துப்பிவிடும். அதைப் பார்த்துவிட்டு மண்புழுவே ஆகாது என்று முடிவு கட்டாதீர்கள்.

‘எங்கள் வீட்டு ஆரல் பெல்லட் தின்கிறதே’ என்று யாராவது வருவார்கள். தின்னும், பொறுமையாகப் பழக்கியிருந்தால். பட்டினி கிடக்கும் மீனிடம் அந்தச் சோதனை வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்தது மணல். ஆரலுக்குப் புதைந்தால்தான் நிம்மதி. செதில் மிகச் சிறியது, தோல் மென்மை. கலர் கல்லில் புதைய முயன்றால் தோல் உரிந்து, அந்த இடத்தில் கிருமி பிடித்துப் புண்ணாகும். எம் சாண்ட் கூடவே கூடாது, அது உடைத்த கல், ஓரமெல்லாம் கூர். சலித்த ஆற்று மணலைத் தண்ணீர் தெளியும்வரை அலசி இரண்டங்குலம் போடுங்கள். முக்கால் அங்குல பிவிசி குழாய்த் துண்டு ஒன்றும் கிடக்கட்டும். மூடியில் ஃபில்டர் குழாய் நுழைகிற இடுக்கைக்கூட ஸ்பாஞ்சால் அடையுங்கள். தலை நுழைகிற இடத்தில் உடம்பும் நுழைந்துவிடும், காலையில் தரையில் காய்ந்து கிடக்கும்.

உங்களிடம் இருப்பது எந்த ஆரல் என்று சொல்லவில்லை. முதுகுத் துடுப்பின் அடியில் வரிசையாகக் கண் போன்ற வட்டங்கள் இருந்தால் பீகாக் ஈல், தாய்லாந்துப் பக்கத்து மீன். மூன்றடித் தொட்டி தாங்கும். கறுத்த உடம்பில் சிவப்புக் கோடுகள் என்றால் ஃபயர் ஈல். இயற்கையில் ஒரு மீட்டர் வரை வளரும், ஆறடித் தொட்டி இல்லாதவர்கள் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது. நான்கங்குலக் குட்டியாக விற்கும்போது இதை எந்தக் கடையிலும் சொல்வதில்லை. ‘அடியில் கிடக்கும் கழிவையெல்லாம் தின்னும்’ என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். இதே பொய்யைச் சொல்லித்தான் கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கும் டேங்க் கிளீனர் மீனையும் விற்றார்கள். அது பெரிதானதும் வாங்கியவர்கள் ஏரியில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று அதன் முள்ளில் வலை கிழிந்து நிற்பது மீனவர்கள். கேட்டது இதுவல்ல என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிறகு எப்போதாவது வெள்ளைப் புள்ளி நோய் வந்தால், மாலகைட் கிரீன் கலந்த மருந்தை பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் பாதிதான் விடவேண்டும். செம்பு கலந்த மருந்து வேண்டவே வேண்டாம். வெப்பத்தை மெல்ல மெல்ல 30 டிகிரிக்கு ஏற்றி, ஏர் பம்பை நன்றாக ஓடவிடுங்கள்.

மீனை வேறு தொட்டிக்கு மாற்றவேண்டி வந்தால் வலை போடாதீர்கள், முதுகு முட்கள் வலையில் மாட்டி மீன் கிழிபடும். குழாய்க்குள் அது இருக்கும்போது இரு முனையையும் உள்ளங்கையால் பொத்தி, குழாயோடு தூக்குங்கள். பட்டினியால் தலைக்குப் பின்னால் கத்தி விளிம்பு போல ஒடுங்கியிருக்கிற உடம்பு உருண்டு வருகிறதா என்று, குழாயிலிருந்து வெளியே விடும்போது பார்த்துக்கொள்ளலாம்.