ஜாமீன் முதலா, சிகிச்சை முதலா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. செல்போன் பறித்த வழக்கில், விசாரணை முடியும்வரை சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான். ஒன்றரை வருடமாகப் போதை மாத்திரைப் பழக்கம். பார்க்கப் போனபோது கை நடுங்கியது, வாந்தி, தூக்கமே இல்லை என்றான். நாலு நாளில் சரியாகிவிடும் என்கிறார்கள் இல்லத்தில் இருப்பவர்கள். பழக்கத்தைச் சொன்னால் ஜாமீன் கிடைக்காது என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் அந்த நடுக்கத்தைப் பார்ப்போம். சில வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகும், அதனால் வாய்தா வரட்டும் என்று இருக்காதீர்கள். என்ன மாத்திரை, நாளுக்கு எத்தனை, கடைசியாக எப்போது போட்டான், இப்போது என்ன தொந்தரவு என்று எழுதி இன்றே இல்லக் கண்காணிப்பாளரிடம் கொடுத்து, டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னதை நாளைக்கு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கடிதத்தில் பழக்கமும் உடல்நிலையும் மட்டும் இருக்கட்டும், வழக்கில் என்ன நடந்தது என்று ஒரு வரிகூட வேண்டாம். வீட்டில் மாத்திரை மிச்சம் இருந்தால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், கையில் எடுத்துப் போகாதீர்கள்.

அப்புறம், சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் சிகிச்சை கேட்டு ஒரு மனு. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 93-ன்படி, போதைப் பழக்கத்தால் நடத்தை மாறிய சிறுவனைக் குழுமம் மனநல மருத்துவமனைக்கு அனுப்பலாம், அங்கிருந்து டாக்டர் பரிந்துரைத்தால் போதை மீட்பு மையத்துக்கும் மாற்றலாம், ஆனால் உள்நோயாளியாக இருக்க வேண்டிய காலத்துக்கு மட்டும்தான். மனநல மருத்துவமனை என்றதும் பதற வேண்டாம். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 87-ன்படி 18 வயதுக்குள் உள்ளவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, பெற்றோர் போன்ற பொறுப்பாளர் ஒருவர் முழு நேரமும் கூடவே இருக்க வேண்டும். கூர்நோக்கு இல்லத்தில் வாரம் ஒருமுறை பார்ப்பதைவிட உங்களுக்கு அது எவ்வளவோ மேல்.

உறவினர் சொல்வது பாதி உண்மை. சிறுவனுக்கு ஜாமீன் கொடுப்பதுதான் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 12-ன் விதி. வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேருவான், அவனுக்கே ஆபத்து, நீதி கெடும் என்று தோன்றினால் மட்டுமே, காரணத்தை எழுதி மறுக்கலாம். போதைப் பழக்கத்தை அந்த ஆபத்தாகக் காட்டி மறுப்பது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் மறைத்துப் பயனில்லை, எப்படியும் பையனின் குடும்பம், பழக்கவழக்கம் பற்றி விசாரித்து நன்னடத்தை அலுவலர் குழுமத்துக்குக் கொடுக்கும் சமூக விசாரணை அறிக்கையில் வந்துவிடும். எந்த மருத்துவமனையில் சிகிச்சை, யார் கூட்டிப் போவார்கள், பழைய கூட்டாளிகள் பக்கம் போகாமல் எங்கே தங்குவான் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், மறுக்கச் சொல்லும் காரணமே பலவீனமாகிவிடும். வெறும் 'ஏழைத் தாய், கருணை காட்டுங்கள்' மனுவைவிட இது பத்து மடங்கு வேலை செய்யும்.

கரும்புள்ளி ஆகிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். குழுமம் பார்க்கும் இந்த அறிக்கைகளை ரகசியமாக வைக்கச் சொல்கிறது அதே சட்டத்தின் பிரிவு 99.

டாக்டர் சீட்டு இல்லாமல் அவனுக்குப் போதை மாத்திரை கொடுத்தவர்கள்மீது பிரிவு 77-ன்கீழ் தனி வழக்கு வரும், 7 ஆண்டு வரை கடுங்காவல். யார் என்று தெரிந்தாலும் வக்கீலிடம் பேசிவிட்டு அப்புறம் சொல்லுங்கள், பையன் இன்னும் உள்ளே இருக்கிறான். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். சிறுவர்களுக்கு அங்கே இலவசம், வருமானச் சான்றிதழ் கேட்டால் தேவையில்லை என்று சொல்லுங்கள்.