பூத் டாக்டரும் நெஞ்சு கரிச்சலும்

வணக்கம் ஐயா,
டர்பன் காந்தியைப் பற்றிய உங்கள் கட்டுரையில் டாக்டர் பூத் ஒரே வரியில் வந்து போகிறார். பாதிரியார், டாக்டர், பள்ளிக்கூடமும் நடத்தியவர் என்று என் தாத்தா சொல்லுவார். இலவச வைத்தியம் ஆள் சேர்க்கப் போட்ட தூண்டில்தானே? அதனால்தான் ஒதுக்கிவிட்டீர்களா?
ஒரு வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அன்புள்ள சகோதரிக்கு,

ஒதுக்கவில்லை. இடமில்லை என்று சாக்குச் சொல்லலாம், உண்மையில் சோம்பல்.

லான்சலாட் பார்க்கர் பூத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்தது இந்தியத் தொழிலாளர்களின் மருத்துவராக. அப்புறம்தான் குருப்பட்டம், செயின்ட் எய்டன்ஸ் மிஷனின் தலைமை எல்லாம். மதமாற்றம் நோக்கமில்லை என்று நான் வாதாட மாட்டேன், மிஷன் என்ற பேரிலேயே அது இருக்கிறது. ஆனால் தூண்டில் என்று முடித்துவிட்டால் அந்த மருந்தறை கண்ணில் படாது.

டர்பன் வியாபாரி பார்சி ருஸ்தம்ஜி பணம் கொடுக்க, பூத்தின் பொறுப்பில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி. தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் அங்கே வந்து நின்றவர் வக்கீல் காந்தி. உடம்புக்கு என்ன என்று கேட்டு, டாக்டரிடம் சொல்லி, மருந்தை எடுத்துக்கொடுப்பது அவர் வேலை. வந்தவர்கள் பெரும்பாலும் தமிழ், தெலுங்கு, வட இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள். காந்தியின் தமிழோ 1896இல் கப்பலில் ஒரு சுயபோதினியை வைத்துத் தொடங்கிய தமிழ்!

நோயாளி சொல்வதை இன்னொரு மொழியில் டாக்டரிடம் சொல்வது லேசான வேலையில்லை. பத்து வயதில் ஆயாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "நெஞ்சு கரிக்குதுன்னு சொல்லுடா" என்றாள். நான் நெஞ்சு வலி என்று ஆங்கிலத்தில் சொல்லிவைத்தேன். படுக்கவைத்து, ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். முந்தின ராத்திரி சாப்பிட்ட பன்னி சௌ, அதாவது ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றித் தரும் டர்பன் பண்டம், செய்த வேலை அது. வீடு வரும்வரை ஆயா என்னோடு பேசவில்லை.

பள்ளிக்கூடம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மிஷன் பள்ளிகள் என்ன செய்தன என்பதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். 1894இல் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்க வந்த மசோதாவை எதிர்த்துக் கூடிய கூட்டத்துக்கு இந்தியக் கிறிஸ்தவ இளைஞர்களைத் திரட்டி வந்த இருவரில் ஒருவர், சுபான் காட்ஃப்ரே, மிஷன் பள்ளித் தலைமையாசிரியர். இதை எந்தக் கணக்கில் எழுதுவது, நீங்களே சொல்லுங்கள்.

1899இல் ஆங்கிலேயருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் போர் வந்ததும் காந்தியின் ஆம்புலன்ஸ் படைக்குப் பயிற்சி கொடுத்தவரும் பூத்தான், கூடவே போகவும் செய்தார். சுமார் 1,100 பேர். அதில் ஒப்பந்தத்தில் இல்லாத சுமார் 300 பேர் போக மற்றவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் சுமந்து சில நாட்கள் 20, 25 மைல்கூட நடந்திருக்கிறார்கள்.

சரி, உங்கள் தாத்தா வேறென்ன சொன்னார்? நினைவிருப்பதை எழுதி அனுப்புங்கள், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை.