பழைய லாரியில் ஸ்டியரிங் திருப்பினால் 'டொக்' என்று தட்டுகிறது, எங்கே பார்ப்பது?

இலைப்பட்டை ஸ்பிரிங்கும் ஒரே தண்டு ஆக்ஸிலும் உள்ள பழைய லாரி என்று வைத்துச் சொல்கிறேன். எடுத்த எடுப்பில் ஸ்டியரிங் பாக்ஸ் (ஸ்டியரிங் தண்டின் அடியில் உள்ள பல்சக்கரப் பெட்டி) ஸ்குரூவை முறுக்காதீர்கள். பல இடங்களில் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். சத்தம் போகாது, ஸ்டியரிங் இறுகி, வளைவில் தானாகத் திரும்பி வராமல் போகும்.

வண்டி தரையில் நிற்கட்டும், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கிளீனரை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டச் சொல்லுங்கள். பவர் ஸ்டியரிங் என்றால் இன்ஜின் ஓடட்டும். நீங்கள் டிராப் ஆர்ம் (அந்தப் பெட்டியிலிருந்து வரும் கை), டிராக் லிங்க் (அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி), டை ராடு எண்ட் (இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனை மூட்டு) ஒவ்வொன்றின் மேலும் கை வையுங்கள். தேய்ந்த மூட்டில் அந்தத் தட்டு கையிலேயே தெரியும்.

அங்கே ஒன்றும் இல்லையா? சரி, முன் ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின், அதாவது முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் ஆணி. குழியிலும் பிரேக்கிலும் மட்டும் தட்டினால் ஷேக்கிள் பின் புஷ் (ஸ்பிரிங் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் பின்னின் உறை), யூ போல்ட் (ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் போல்ட்) பக்கம் பாருங்கள்.

கிங் பின்னை மட்டும் மாற்றிப் பயனில்லை. புஷ்ஷும் புதிதாக அடித்து, ரீமர் (துளையைச் சீவும் கருவி) போட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தூக்கி நிறுத்தியபடியே கிரீஸ் அடியுங்கள், அப்போதுதான் அடி பேரிங் வரை இறங்கும். டை ராடு எண்ட் மாற்றினால் நட் கழலாமல் பூட்டும் புது ஸ்பிளிட் பின் போட்டு, அப்புறம் சக்கர அலைன்மென்ட் கட்டாயம்.