ஃப்ரைட் லிவரில் தோற்ற ஆட்டம்: தப்பு 5-வதா, 7-வதா?

ஃப்ரைட் லிவரில் (வெள்ளை எஃப்7-ல் குதிரையைப் பலி கொடுத்து ராஜாவை வெளியே இழுக்கும் சதுரங்கத் தாக்குதல்) கறுப்பாக ஆடித் தோற்றீர்கள், தப்பு உங்கள் 5-வது நகர்த்தலா, 7-வதா என்று கேட்டீர்கள். என்ஜின் (ஆட்டத்தை அலசும் கணினி நிரல்) சொல்வது சரி, தப்பு 5-வது நகர்த்தல்தான். டி5 சிப்பாயைக் குதிரையால் வெட்டியிருக்கக் கூடாது, சி6 குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் மந்திரியைத் தாக்கியிருக்க வேண்டும். 7-வதில் ராஜா இ8-க்குத் திரும்பியது நீங்கள் தவறவிட்ட வாய்ப்பு. இ6-க்கு வந்திருந்தால் ராஜாவே டி5 குதிரைக்குக் காவல், தன் தாக்குதல் வெல்லும் என்று வெள்ளை இன்னும் நிரூபிக்க வேண்டியிருக்கும். இ8-க்குப் போனதும் வெள்ளை மந்திரி டி5-ல் குதிரையை வெட்டியது, அடுத்தது எஃப்7-ல் செக்மேட் மிரட்டல்.

அவன் வெட்டினான், நானும் வெட்டுகிறேன் என்று கை தானாகப் போயிருக்கும். எல்லாரும் செய்வதுதான், ஆனால் அந்தக் குதிரை எஃப்6-ஐ விட்டதும் வெள்ளை ராணிக்கு எஃப்3-லிருந்து எஃப்7 வரை பாதை திறந்துவிட்டது, ராஜா எஃப்7-க்கு இழுக்கப்பட்டதும் அதே ராணி செக்கும் கொடுத்து டி5 குதிரையையும் சேர்த்துத் தாக்குகிறது.

என்ஜினை அணைத்துவிட்டு, வெள்ளையின் 5-வது நகர்த்தல் முடிந்த நிலையைப் பலகையில் வையுங்கள். "என் குதிரை நகர்ந்தால் எந்தக் கோடு திறக்கிறது?" என்று மட்டும் பாருங்கள். பதிலை எழுதிவிட்டு அப்புறம் என்ஜினைப் போடுங்கள்.

ஒன்று, குதிரை ஏ5 ஆடினால் பி5-ல் மந்திரி செக், சி6, வெட்டு, வெட்டு என்று போய் ஒரு சிப்பாய் குறையும். பயப்படாதீர்கள், அதற்குப் பதில் உங்கள் காய்கள் வேகமாக வெளியே வரும்.